பிரித்து மேய்ந்த ரசிகர்கள்

1993 டிசம்பர் 10 அன்று விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சர்வர் ஒன்றின் வாசலில் கண்ணுக்குத் தெரியாத கூட்டம் முண்டியடித்துக்கொண்டிருந்தது. ‘டூம்’ என்ற கணினி விளையாட்டின் முதல் பகுதியை அங்கே இலவசமாக வைக்கப் போகிறார்கள் என்ற சேதி பரவியிருந்தது. இறக்கிக்கொள்ளக் காத்திருந்தவர்கள் எல்லா இணைப்புகளையும் பிடித்துக்கொண்டதால், விளையாட்டை உருவாக்கிய இட் சாஃப்ட்வேர்காரர்களுக்கே உள்ளே நுழைய வழியில்லை. பந்தியில் இடம் பிடித்தவர்கள் பரிமாறுகிறவரை உள்ளே விடாத கதைதான். எப்படியோ கோப்பை ஏற்றி முடித்தார்கள். அடுத்த கணமே எல்லோரும் ஒருசேரப் பாய, பாரம் தாங்காமல் சர்வர் படுத்துவிட்டது.

அதற்கு முந்தைய நாள்தான் வாஷிங்டனில் செனட் உறுப்பினர்கள் வீடியோ கேம்களின் வன்முறை குறித்து விசாரணை நடத்தியிருந்தார்கள். அவர்களைக் கலவரப்படுத்தியவை ‘மார்டல் காம்பேட்’டும் ‘நைட் ட்ராப்’பும். ரம்பமும் ரத்தமும் நரகத்து அசுரர்களுமாக ‘டூம்’ வந்தது மறுநாள்.

‘டூம்’ பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் தொழில்நுட்பத்தைத்தான் மெச்சுவார்கள். மெச்ச வேண்டியதுதான். ஆனால் கேம் உலகில் தொழில்நுட்பச் சாதனையின் ஆயுள் சொற்பம். இரண்டரை ஆண்டுகளில் அதே நிறுவனத்தின் ‘க்வேக்’ அதைப் பழைய சரக்காக்கிவிட்டது. அப்படியிருந்தும் 2020களில் ‘டூமு’க்குப் புதிய லெவல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பிரிண்டரில் அதை ஓட்டிக் காட்டுகிறார்கள். செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்கள் அதைச் சோதனைச்சாலையாக வைத்திருக்கிறார்கள். இத்தனைக்கும் காரணம், விளையாட்டின் உள்ளே ரசிகர்கள் கைவைக்கலாம் என்று அதை எழுதியவர் எடுத்த முடிவு. அதன்பின் வந்த தொழில்நுட்ப முன்னேற்றங்களில் சில, நிறுவனங்களின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தவை அல்ல. அவை ரசிகர்களின் படுக்கையறைகளில் பிறந்தவை.

ரசிகர் கைவைப்பது என்பது இந்தக் கலையின் பிறப்பிலேயே இருக்கிறது. 1962இல் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸல் ‘ஸ்பேஸ்வார்’ எழுதினார். அது ஓடிய பிடிபி-1 கணினியின் விலை சுமார் 1,20,000 டாலர். நண்பர் பீட்டர் சாம்சனுக்குப் பின்னணியில் சும்மா இறைத்துவிட்ட நட்சத்திரங்கள் பிடிக்கவில்லை. நிஜமான வானத்தின் நட்சத்திரங்களைக் கணக்கிட்டுப் போட்டுக் கொடுத்தார். டான் எட்வர்ட்ஸ் ஈர்ப்பு விசையைச் சேர்த்தார். எழுதியவர் யார், ஆடியவர் யார் என்ற கோடு அங்கே இல்லை. கேம் விற்பனைப் பண்டமான பிறகுதான் அந்தக் கோடு விழுந்தது.

இட் சாஃப்ட்வேரின் சொந்தக் கதையும் ரசிகர் வேலையில்தான் தொடங்குகிறது. 1990இல் லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட்டில் சாஃப்ட்டிஸ்க் என்ற நிறுவனத்தில் ஜான் கார்மாக், ஜான் ரொமேரோ, டாம் ஹால், ஏட்ரியன் கார்மாக் ஆகியோர் வேலை பார்த்தார்கள். (இரண்டு கார்மாக்குகளும் உறவினர்கள் அல்ல.) நின்டென்டோவின் ‘மாரியோ’ ஓட ஓடத் திரை வழுக்கிக்கொண்டு நகரும். அன்றைய பி.சி.யில் அது முடியாது என்பதே பொதுவான எண்ணம். மாறாத பகுதியை மறுபடி வரையாமல் மாறிய துண்டுகளை மட்டும் வரையும் உத்தியைக் கார்மாக் கண்டுபிடித்தார். அதை வைத்து அவரும் ஹாலும் ஒரே இரவில் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3’இன் முதல் கட்டத்தை பி.சி.யில் அப்படியே வரைந்து, மாரியோ நிற்க வேண்டிய இடத்தில் ரொமேரோ உருவாக்கிய டேவ் என்ற பாத்திரத்தை நிறுத்தினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘பதிப்புரிமை மீறலில் டேஞ்சரஸ் டேவ்’. செய்வது என்ன என்று தெரிந்தே செய்தார்கள். பிறகு முழு மாதிரியையே நின்டென்டோவுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். பி.சி. சந்தையில் ஆர்வமில்லை என்று பதில் வந்தது. அந்த உத்தி ‘கமாண்டர் கீன்’ என்ற சொந்த விளையாட்டானது. 1991 பிப்ரவரியில் நிறுவனம் பிறந்தது.

1992 மே மாதம் வந்த ‘உல்ஃபென்ஸ்டைன் 3டி’ விற்பனையில் பெரிய வெற்றி. அதைவிட முக்கியமான ஒன்றைக் கார்மாக்கும் ரொமேரோவும் சில மாதங்களில் கவனித்தார்கள். யாரும் அனுமதி தரவில்லை, கருவியும் தரவில்லை. ஆனாலும் ரசிகர்கள் கோப்புகளின் அமைப்பைத் துப்பறிந்து சொந்த லெவல்களைச் செய்துகொண்டிருந்தார்கள். நாஜி அதிகாரி நிற்க வேண்டிய இடத்தில், குழந்தைகள் நிகழ்ச்சியில் வரும் பார்னி என்ற ஊதா டைனசோரை நிறுத்தினார் ஒருவர். வக்கீலுக்குக் கடிதம் எழுத வேண்டிய இடம் இது. இருவரும் மகிழ்ந்துபோனார்கள். ஆனால் அந்த மாற்றத்தில் ஒரு நெருடல் இருந்தது. பார்னியைப் புகுத்த வேண்டுமானால் மூலக் கோப்பையே அழித்து எழுத வேண்டும். பழையது போய்விடும்.

‘டூமி’ல் கார்மாக் இதற்கென்றே ஒரு பிரிவினை செய்தார். விளையாட்டை ஓட்டும் எஞ்சின் ஒரு பக்கம். வரைபடம், சுவர்ப் படம், அசுரனின் உறுமல் என்று மற்ற எல்லாமும் ‘வாட்’ என்ற பெயருள்ள கோப்பில் இன்னொரு பக்கம். ஆங்கிலத்தில் ‘தரவெல்லாம் எங்கே?’ என்ற கேள்வியின் முதலெழுத்துகள் அந்தப் பெயர். ரசிகர் தன் வாட் கோப்பை எஞ்சினிடம் கொடுத்தால், அதில் உள்ளதை மூலத்துக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளும். இல்லாததை மூலத்திலிருந்து எடுக்கும். மூலம் கைபடாமல் இருக்கும். இன்றைக்குச் சாதாரணமாகத் தெரிகிறது. அன்று இதைச் சொன்னபோது நிறுவனத்துக்குள்ளேயே தயக்கம் இருந்தது. நம் சரக்கை நாமே பிரித்துக் காட்டினால் நாளைக்கு எதை விற்பது என்ற நியாயமான தயக்கம். கடைசியில் ஒரு நிபந்தனையோடு விட்டார்கள். ரசிகர் செய்யும் லெவல் இலவசப் பதிப்பில் ஓடக் கூடாது. 40 டாலர் கொடுத்து வாங்கிய முழுப் பதிப்பில் மட்டுமே ஓட வேண்டும். பெருந்தன்மைக்குள் ஒரு வியாபாரக் கணக்கும் இருந்தது. அது பலித்தது.

இங்கே எஞ்சினின் உள்வேலையைக் கொஞ்சம் பார்த்துவிடுவது நல்லது. ‘டூம்’ முழுமையான முப்பரிமாணம் அல்ல. மேலிருந்து பார்த்த வரைபடம்தான் அது. ஒவ்வோர் அறைக்கும் தரையின் உயரம், கூரையின் உயரம் என்று இரண்டு எண்கள் உண்டு. அதனால்தான் அதில் மாடிமேல் மாடி கட்ட முடியாது. 320க்கு 200 புள்ளிகள் கொண்ட திரையை 386 ரகக் கணினி விநாடிக்கு 35 முறை வரை மாற்றி வரைய வேண்டும். எந்தச் சுவர் முன்னால், எது பின்னால் என்று ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. ஹென்றி ஃபூக்ஸ், ஸ்வி கெடெம், புரூஸ் நேய்லர் மூவரும் 1980இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரையில் கார்மாக்குக்கு விடை கிடைத்தது. பங்காளிகள் நிலத்தைப் பிரிக்கிற மாதிரிதான். வரைபடத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டு இரண்டாக்கு. ஒவ்வொரு பாதியையும் மறுபடி இரண்டாக்கு. கோணல் எதுவும் இல்லாத சிறு துண்டுகள் வரும்வரை வெட்டிக்கொண்டே போ. லெவலைச் செய்யும்போதே இந்தப் பாகப்பிரிவினையை முடித்துப் பத்திரமாக எழுதிவைத்துவிட்டால், ஆடும்போது எஞ்சின் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: ஆள் கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறான்? அருகில் இருப்பதிலிருந்து தொலைவுக்கு வரிசை தானாக வந்துவிடும்.

வரைபடம் காகிதத்தில் கோடு போடுகிற அளவுக்கு எளிது. கடினமான கணக்கை இன்னொரு நிரல் முன்கூட்டியே செய்து தந்துவிடும். ரசிகர்களுக்கு இதைவிட வசதி வேறென்ன? ஆனால் இட் நிறுவனத்தின் சொந்த லெவல் கருவி விலையுயர்ந்த நெக்ஸ்ட் கணினியில்தான் ஓடியது. கருவியை ரசிகர்களே செய்துகொண்டார்கள். 1994 ஜனவரி முடிவதற்குள், நியூசிலாந்து மாணவர் பிரெண்டன் வைபர் முன்னின்று உருவாக்கிய ‘டி.ஈ.யு.’ என்ற லெவல் கருவி இலவசமாக வெளிவந்துவிட்டது. பெல்ஜியத்தின் ரஃபாயேல் கினே அதை வளர்த்தெடுத்தார். வெவ்வேறு கண்டங்களில் இருந்தவர்கள் இணையத்தில் மட்டுமே பேசி, விளையாட்டு வெளியாகி ஏழு வாரத்துக்குள் முடித்த வேலை இது. அதே ஆண்டில் ஜஸ்டின் ஃபிஷர் என்ற ரசிகர் ‘ஏலியன்ஸ்’ திரைப்படத்தின் உலகத்தை ‘டூமு’க்குள் கொண்டுவந்து வைத்தார். லெவல், அசுரர்கள், ஆயுதம், ஒலி எல்லாம் மாறிப்போய் எஞ்சின் மட்டும் மிஞ்சிய முதல் ‘முழு மாற்றம்’ அது. அதன் முதல் கட்டத்தில் நெடுநேரம் எதுவும் நடக்காது. சுட ஆளே இல்லாத காலி அறைகளில் பயந்து பயந்து நடக்க வேண்டும். மூலத்தை உருவாக்கியவர்கள் முயலாத அழகியல் அது.

பணம் வந்ததும் சிக்கலும் வந்தது. இணையத்தில் இலவசமாகக் கிடந்த ரசிகர் லெவல்களை நூற்றுக்கணக்கில் அள்ளி ‘டி!ஸோன்’ என்ற பெயரில் குறுந்தட்டாக விற்றது ஒரு நிறுவனம். செய்தவர்களுக்குச் சல்லிக்காசு இல்லை. இட் சும்மா இருக்கவில்லை. 1995 இறுதியில் ‘மாஸ்டர் லெவல்ஸ்’ என்ற தொகுப்பை வெளியிட்டது. புதிதாகச் செய்யவைத்த லெவல்களோடு, அதே பாணியில் இணையத்திலிருந்து வாரிய கோப்புகளையும் ‘மேக்ஸிமம் டூம்’ என்ற பெயரில் சேர்த்தே விற்றது. ‘டீம் டிஎன்டி’ என்ற ரசிகர் குழு 32 லெவல்களை உழைத்துச் செய்து, இலவசமாக வெளியிடும் தறுவாயில் இருந்தபோது நிறுவனம் விலை பேசி வாங்கிக்கொண்டது. 1996இல் அது ‘ஃபைனல் டூம்’ என்ற பெயரில் கடைக்கு வந்தது. காத்திருந்த ரசிகர்களில் பலர் கொதித்தார்கள். ஆர்வத்துக்குச் செய்ததை விற்றது துரோகம் என்றது ஒரு கூட்டம். உழைத்தவன் காசு பார்க்கக் கூடாதா என்றது இன்னொரு கூட்டம். இரண்டாவது கூட்டத்தின் கேள்வியில் நியாயம் அதிகம் என்றே தோன்றுகிறது. இன்றுவரை அந்தச் சண்டை முடியவில்லை. 2024இல் ‘டூமி’ன் புதிய பதிப்பில் ரசிகர் படைப்புகளை ஏற்றும் வசதி வந்தபோது, அடுத்தவர் செய்த லெவலை அனுமதி கேட்காமல் ஏற்றினார்கள் என்று அதே புகார் மறுபடி கிளம்பியது.

ரசிகர்களுக்குத் திறந்த இந்தக் கதவு வழியாக யார் வேண்டுமானாலும் வரலாம் என்பதற்கு இருண்ட பொருளும் இருந்தது. 1999 ஏப்ரலில் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் சக மாணவர்களைச் சுட்டுக் கொன்ற இருவரில் ஒருவர் ‘டூம்’ லெவல்கள் செய்து இணையத்தில் போட்டவர். அமெரிக்க ஊடகங்கள் நேராக விளையாட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றின. அதே கருவியில் லெவல் செய்துகொண்டிருந்த ஆயிரக்கணக்கானவர்கள் அந்தச் செய்திகளில் இல்லை.

லெவல் செய்யாத ரசிகர்களும் ஒரு வேலையைக் கண்டுபிடித்தார்கள். ‘டூமி’ல் நீங்கள் ஆடியதைப் பதிவு செய்யலாம். அது வீடியோ அல்ல. வெறும் விசைகளின் கணக்கு. விநாடிக்கு 35 துடிப்புகள். ஒவ்வொரு துடிப்பிலும் முன்னால் போனாயா, பக்கவாட்டில் நகர்ந்தாயா, திரும்பினாயா, சுட்டாயா என்று நான்கு பைட்டுகள். அரை மணி நேர ஆட்டத்துக்குச் சுமார் 250 கிலோபைட். அந்தக் காலத்து மோடம் சில நிமிடங்களில் அனுப்பிவிடும். வாங்குகிறவரின் கணினி அதே விசைகளை அதே துடிப்பில் அழுத்தி, ஆட்டத்தை மறுபடி நடத்திக் காட்டும். அசுரன் எந்தப் பக்கம் திரும்புவான் என்பது தற்செயல் இல்லையா? இல்லை. 256 எண்கள் கொண்ட ஒரு நிலையான அட்டவணையை எஞ்சின் வரிசையாகப் படிக்கிறது. அவ்வளவுதான் அதன் ‘தற்செயல்’. தொடக்கம் ஒன்றென்றால் முடிவும் ஒன்று.

வேக ஓட்டம் என்ற போட்டிக் கலை இப்படி வேரூன்றியது. 1994லேயே பதிவுகளைத் திரட்டிச் சரிபார்க்கும் பட்டியல்கள் வந்துவிட்டன. ‘க்வேக்’ வந்ததும் ரசிகர்கள் கூட்டாகச் சேர்ந்து, 1997 ஜூனில் மொத்த விளையாட்டையும் மிகக் கடினமான நிலையில் 19 நிமிடம் 49 விநாடியில் முடித்துக் காட்டினார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்பு இன்னொரு குழு அதே பதிவு வசதியை வைத்து ‘டயரி ஆஃப் எ கேம்பர்’ என்ற குறும்படத்தையே எடுத்திருந்தது. கேம் எஞ்சினில் படம் எடுக்கும் ‘மஷினிமா’ மரபின் முன்னோடி அது. பொறுமைக்கு ஓர் உதாரணம் சொல்ல வேண்டுமானால், ‘டூம் 2’இன் 15ஆவது வரைபடத்தைச் சொல்லலாம். அதில் ஒரு ரகசிய இடம், அதற்குள் கால் வைக்கும் முன்பே ஆளை வேறிடத்துக்குத் தூக்கிவிடும்படி தவறாக அமைந்திருந்தது. குறுக்கு வழியில்லாமல் அதைத் தொடவே முடியாது என்று 24 ஆண்டுகள் நம்பினார்கள். 2018 ஆகஸ்டில் ஒரு ரசிகர் தொட்டார். வரைபடத்தைச் செய்த ரொமேரோவே பகிரங்கமாக வாழ்த்தினார்.

1996இல் ‘க்வேக்’ ஒரு படி மேலே போனது. வரைபடத்தை மட்டுமல்ல, விளையாட்டின் விதிகளையே மாற்றி எழுத ரசிகர்களுக்கு ‘க்வேக்-சி’ என்ற சிறு நிரல்மொழி கிடைத்தது. ரசிகர்களின் புலம்பலும் தொழில்நுட்பத்தைத் தள்ளியது. வேகமான வலையமைப்பை மனத்தில் வைத்து எழுதிய ‘க்வேக்’ மோடத்தில் ஆடியவர்களுக்கு நரகமாக இருந்தது. பொத்தானை அழுத்தினால் சேதி சர்வருக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் கால் நகரும். 1996 டிசம்பரில் கார்மாக் ‘க்வேக்வேர்ல்ட்’ என்ற மாற்றுப் பதிப்பை வெளியிட்டார். அதில் உங்கள் கணினி பதிலுக்குக் காத்திருக்காது. சர்வர் என்ன சொல்லும் என்று ஊகித்து உடனே ஆளை நகர்த்திவிடும். ஊகம் தப்பானால் பிறகு திருத்திக்கொள்ளும். இன்று கைபேசியில் சுட்டு விளையாடுகிறவர்களின் விரலுக்கும் திரைக்கும் இடையே நடப்பதும் இதே ஊகம்தான்.

‘க்வேக்’கின் வம்சாவளியைத் தொடர்ந்து போனால் எங்கெங்கோ கொண்டுவிடும். ‘மாட்’ என்று சுருக்கிச் சொல்லப்படும் ரசிகர் மாற்றங்களில் ஒன்று ‘டீம் ஃபோர்ட்ரஸ்’. அதைச் செய்த ஆஸ்திரேலிய இளைஞர்களை வால்வ் நிறுவனம் வேலைக்கு எடுத்துக்கொண்டது. வால்வின் தலைவர் கேப் நியூவெல் முன்பு மைக்ரோசாஃப்ட்டில் ‘டூமை’ விண்டோஸுக்குக் கொண்டுவரும் வேலையை நடத்தியவர். வால்வின் ‘ஹாஃப்-லைஃப்’ (1998) ஓடியது க்வேக் எஞ்சினைத் திருத்திச் செய்த எஞ்சினில். அதற்கு ஒரு மாட்டாக, கனடாவில் மாணவராக இருந்த மின் லீயும் அமெரிக்கரான ஜெஸ் கிளிஃபும் 1999 ஜூனில் வெளியிட்டது ‘கவுன்டர்-ஸ்ட்ரைக்’. மறு ஆண்டே வால்வ் அதை விலைக்கு வாங்கி இருவரையும் சேர்த்துக்கொண்டது. தமிழ்நாட்டின் பிரவுசிங் சென்டர்களிலும் பொறியியல் கல்லூரி விடுதிகளிலும் இரவு முழுக்க ஓடிய அந்த ‘சி.எஸ்.’ இதுதான்.

வேறொரு கிளை. ‘ஆர்மா 2’ என்ற செக் நாட்டுப் போர்க்கள விளையாட்டுக்கு நியூசிலாந்தின் டீன் ஹால் 2012இல் ‘டேஸி’ என்ற மாட் செய்தார். அந்த மாட்டின்மேல் அயர்லாந்தின் பிரெண்டன் கிரீன் இன்னொரு மாட் செய்தார். சுருங்கிக்கொண்டே வரும் களத்தில் கடைசியாக உயிரோடு இருப்பவர் வெல்லும் ‘பேட்டில் ராயல்’. கொரிய நிறுவனம் ஒன்று அவரை அழைத்துக்கொள்ள, 2017இல் அது ‘பப்ஜி’ ஆனது. 2020 செப்டம்பரில் இந்திய அரசு ‘பப்ஜி மொபைலை’த் தடை செய்ததும், 2021 ஜூலையில் அது ‘பி.ஜி.எம்.ஐ.’ என்று வேறு பெயரில் திரும்பி வந்ததும் நம் வீடுகளில் சண்டை மூட்டிய சமாச்சாரங்கள். அந்தச் சண்டையின் மூலம், மாட்டின்மேல் மாட் செய்த ஒரு ரசிகர்.

எல்லா நிறுவனமும் இட் ஆகவில்லை. நின்டென்டோவின் ‘மெட்ராய்ட் 2’ஐ ஒரு ரசிகர் ஏறத்தாழ பத்தாண்டுகள் உழைத்துப் புதுக்கி 2016 ஆகஸ்டில் இலவசமாக வெளியிட்டார். நின்டென்டோ சட்டப்படி அதை உடனே இறக்கவைத்தது. அதே காலத்தில் நின்டென்டோவின் பழைய போட்டியாளரான சேகா நேர் எதிராகச் செய்தது. ‘சோனிக்’ ரசிகராகத் தொடங்கிச் சொந்த எஞ்சினே எழுதிய ஆஸ்திரேலியர் கிறிஸ்டியன் ஒயிட்ஹெட்டிடம் 2017இன் ‘சோனிக் மேனியா’வை ஒப்படைத்தது. பல ஆண்டுகளில் வந்த சோனிக் விளையாட்டுகளில் விமர்சகர்கள் மனமாரப் பாராட்டியது அதைத்தான். பிளிசார்டின் பாடம் இன்னும் கசப்பு. அதன் ‘வார்க்ராஃப்ட் 3’க்கு ரசிகர்கள் செய்த ‘டோட்டா’ வரைபடத்திலிருந்து ஒரு புதிய விளையாட்டு இனமே கிளம்பியது. அதன் பலனை அறுத்தவர்கள் ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ செய்த ரயட்டும் ‘டோட்டா 2’ செய்த வால்வும். கையைச் சுட்டுக்கொண்ட பிளிசார்ட் 2020இல் ‘வார்க்ராஃப்ட் 3’ஐப் புதுப்பித்தபோது, ரசிகர் செய்யும் எல்லா வரைபடமும் எங்களுக்கே சொந்தம் என்று விதியில் எழுதிவைத்தது. அடுத்த ‘டோட்டா’வை அங்கே செய்ய எவர் முன்வருவார்?

1997 டிசம்பர் 23 அன்று இட் நிறுவனம் ‘டூமி’ன் மூலநிரலையே வெளியிட்டது. ஒலிக்கான பகுதி வேறொருவரின் சொத்து என்பதால் டாஸ் பதிப்பைக் கொடுக்க முடியாமல் லினக்ஸ் பதிப்பைக் கொடுத்தார்கள். 1999இல் அதை ஜி.பி.எல். உரிமத்துக்கு மாற்றினார்கள். திருத்தலாம், பகிரலாம், ஆனால் திருத்தியதையும் திறந்தே பகிர வேண்டும். இதுவரை வாட் கோப்பை மாற்றிக்கொண்டிருந்தவர்கள் இப்போது எஞ்சினுக்குள் இறங்கினார்கள்.

உடனே ஒரு கொள்கைத் தகராறு முளைத்தது. மூல எஞ்சின் ஒரு காட்சியில் 128 தரை, கூரைத் துண்டுகளைத்தான் தாங்கும். மிஞ்சினால் விளையாட்டே நின்றுவிடும். தன் லெவல்களை நிறுவனத்துக்கு விற்ற அதே டீம் டிஎன்டி குழு ‘பூம்’ என்ற எஞ்சினில் 1998இல் இந்த வரம்பை உடைத்தது. அடுத்து வந்த ‘இஸட்டூம்’, ‘ஜிஇஸட்டூம்’ முதலியவை சரிவான தரை, வண்ண ஒளி, முழு நிரல்மொழி என்று போய்க்கொண்டே இருந்தன. இன்னொரு கூட்டமோ எதையும் திருத்தாதே என்றது. ‘சாக்லெட் டூம்’ என்ற எஞ்சின் பழைய பிழைகளைக்கூடப் பிழை பிசகாமல் காக்கிறது. காரணம், விசைப் பதிவுகள். 1994இல் ஒருவர் ஓடிய ஓட்டம் அன்றைய பிழைகளையும் சேர்த்தே ஓடிய ஓட்டம். ஒரு பிழையைத் திருத்தினால்கூட, பதிவை ஓட்டும்போது கணக்கு நழுவி, சாதனை படைத்த வீரர் சுவரில் முட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டிருப்பார். பழைய ஏட்டுப் பிரதியின் எழுத்துப் பிழையைத் திருத்தாமல் பதிப்பிக்கும் பதிப்பாசிரியரின் மனம் இது.

நிரல் சிறியது, திறந்திருப்பது, எந்த மின்பொறிக்கும் மாற்றி எழுத எளியது. அதனால் திரை இருக்கும் எதிலும் ‘டூமை’ ஓட்டிப் பார்ப்பது ஒரு கிறுக்கு விளையாட்டானது. எல்லாமே கிறுக்கு அல்ல. 2014இல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் கேனான் பிரிண்டர் ஒன்றின் சிறு திரையில் ‘டூமை’ ஓட்டினார். இணையத்தில் இணைந்த அந்தப் பிரிண்டருக்குள் எவரும் தம் நிரலைப் புகுத்தலாம் என்பதற்கு அதைவிட எளிதாகப் புரியும் சாட்சி இல்லை.

‘க்வேக் 2’இன் மூலநிரல் 2001 இறுதியில் திறக்கப்பட்டது. 2019 ஜனவரியில் கிறிஸ்டோஃப் ஷீட் என்ற ஆய்வாளர் அதை எடுத்து, ஒளிக்கதிர் ஒவ்வொன்றும் சுவரில் பட்டுத் தெறிப்பதைக் கணக்கிட்டு வரையும் முறைக்கு முழுமையாக மாற்றினார். கிராஃபிக்ஸ் கார்டு தயாரிக்கும் என்விடியா, கதிர்த் தடம் காணும் தன் புதிய கார்டுகளின் பெருமையைக் காட்ட எதை வைப்பது என்று தேடிக்கொண்டிருந்த நேரம். ஷீட் செய்ததை வளர்த்து அதே ஜூனில் ‘க்வேக் 2 ஆர்.டி.எக்ஸ்.’ என்று இலவசமாக வெளியிட்டது. 21 வயதான விளையாட்டு, அன்றைய அதிநவீனச் சில்லின் விளம்பரத் தூதர்.

படைத்தவர்களில் ஒருவரும் ரசிகர் பக்கம் வந்து சேர்ந்தார். ரொமேரோ 1996லேயே இட் நிறுவனத்தை விட்டுப் போயிருந்தார். 2016 ஜனவரியில், 21 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு ‘டூமு’க்கு ஒரு புதிய வரைபடம் செய்து இலவச வாட் கோப்பாக வெளியிட்டார். 2019இல் ‘சிஜில்’. 30ஆம் ஆண்டு நிறைவான 2023 டிசம்பர் 10 அன்று ‘சிஜில் 2’. நிறுவனத்தின் அனுமதியோ ஆதரவோ அவருக்குத் தேவைப்படவில்லை. எவரும் செய்யலாம் என்று தன் குழு முப்பது ஆண்டுகளுக்கு முன் வைத்த வசதியை அவரும் பயன்படுத்திக்கொண்டார். அதே 2023 மார்ச்சில் ‘மைஹவுஸ்’ என்ற ரசிகர் படைப்பு வந்தது. சாதாரண வீடு ஒன்றின் வரைபடம் போலத் தொடங்கி, ஆட ஆட வீடு தன்னைத்தானே மாற்றிக்கொண்டு ஆடுகிறவரைக் கலங்கடிக்கும். ‘டூம்’ என்றால் என்ன என்றே தெரியாதவர்களும் அதைப் பற்றிப் பேசினார்கள். ‘டூமி’ன் 2024 பதிப்பில் இட் நிறுவனம், ரசிகர்கள் வகுத்த ‘பூம்’ தரத்தை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. ரசிகர்கள் எழுதிய இலக்கணத்துக்கு மூலம் தன்னைத் திருத்திக்கொண்டது.

கடைசியாக ஒரு விநோதம். 2016இல் போலந்தின் போஸ்னான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர், பார்த்துப் பார்த்துத் தானே ஆடக் கற்கும் நிரல்களுக்குப் பயிற்சிக்களமாக ‘விஸ்டூம்’ என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். அது ரசிகர்களின் இஸட்டூம் எஞ்சின்மேல் கட்டியது. 2024 ஆகஸ்டில் கூகுள், டெல் அவீவ் ஆய்வாளர்கள் அந்தக் களத்தில் ஒரு நிரலை ஆடவிட்டு, அது ஆடிய காட்சிகளையும் அழுத்திய விசைகளையும் பட உற்பத்தி மாதிரி ஒன்றுக்குப் பாடமாகக் கொடுத்தார்கள். ‘கேம்என்ஜென்’ என்று அதற்குப் பெயர். அதில் எஞ்சினே இல்லை. நீங்கள் விசையை அழுத்தினால், ‘டூமாக’ இருந்தால் அடுத்த காட்சி எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து வரைகிறது. விநாடிக்கு 20 படங்கள். 1.6 விநாடித் துண்டுகளைக் காட்டி எது நிஜம் என்று மனிதர்களைக் கேட்டபோது, 100க்கு 58 முறைதான் சரியாகச் சொன்னார்கள்.

ஆனால் அதன் ஞாபகம் மூன்று விநாடிகளுக்குச் சற்றே அதிகம். அதற்கு முன் நடந்ததில், திரையிலேயே தெரியும் குண்டுகளின் எண்ணிக்கை, உடல்நலம் போன்றவைதான் தங்கும். கடந்துவந்த அறைக்குத் திரும்பிப் போனால் அந்த அறை அப்படியே இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. வரைபடம் என்று தனியாக ஒன்று அதற்குள் இல்லை. லெவல் செய்யும் கருவியை எடுத்துக்கொண்டு ஒரு ரசிகர் அங்கே போனால், திறந்து பார்க்க ஒரு வாட் கோப்பு கிடையாது.